ஆளில்லாத இடத்து வெளிச்சம்

கண்ணா,

நீ தமிழை இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாய். ஒரு பக்கம் படித்து முடிப்பதற்குள் உன் டீ ஆறிப்போகும். அதனால்தான் இதை ஃபோனில் நாலு வரி ஆங்கிலத்தில் அனுப்பாமல் தமிழில், அதுவும் நீளமாக எழுதுகிறேன். படித்து முடிக்கிற வரை நீ என் பக்கத்தில் இருந்தாக வேண்டும், வேறு வழியில்லை. தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். பொங்கலுக்கு இங்கே கிடைக்கும் அரிசியை வைத்து ஒரு சமையல் குறிப்பு எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் இதுதான் வந்தது. மற்றவர்களும் படிக்கப்போகிறார்கள் என்பதால் உன் பெயரை எழுதவில்லை. நீ கூச்சப்படுவாய் என்று தெரியும். கண்ணா என்று எல்லா அம்மாக்களும்தான் கூப்பிடுகிறார்கள், யாருக்கும் நீ யார் என்று தெரியாது.

இங்கே ஆக்லாந்தில் பிப்ரவரி கோடைக்காலம், வெயில் இரவு எட்டரை வரை அடங்குவதில்லை. வேலை முடிந்து பஸ்ஸில் வந்து, கிளென்ஃபீல்ட் மாலுக்கு எதிரே இறங்கி மேடேறி வரும்போது நம் வீட்டு ஜன்னல்களில் சாய்ந்த வெயில் அடிக்கிறது. அதைப் பார்த்து ஒரு கணம் உன் அறையில் விளக்கு எரிகிறது என்று நினைத்துவிடுகிறேன். உடனே எனக்கு வருவது என்ன தெரியுமா? எரிச்சல். வெளியே போகும்போது அணைத்துவிட்டுப் போக மாட்டானா என்று. அதற்கு அப்புறம்தான் நீ ஊரில் இல்லை என்பது நினைவுக்கு வருகிறது. உனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து உன் பின்னாலேயே வந்து ஒவ்வொரு விளக்காக அணைத்தவள் நான். திருச்சியில் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்த காலத்தில், பாதி நாள் மின்வெட்டு. கரண்ட் இருக்கிற நேரத்தில் அதை வீணாக்குவது எனக்குச் சோற்றைக் கொட்டுவது மாதிரி. அந்தப் பழக்கம் விமானம் ஏறி என்னோடேயே வந்துவிட்டது. "மின்வாரியம் வருது, எல்லாரும் இருட்டுல உக்காருங்க" என்று உன் அப்பா சொல்லும்போதெல்லாம் நீ சிரிப்பாய். இப்போது அவர் அதைச் சொல்வதில்லை. சொன்னால் சிரிக்க ஆள் வேண்டுமே.

ரானுயி வீடு உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று தெரியவில்லை. இங்கே வந்ததும் நாம் முதலில் குடியிருந்தது, ரயில் நிலையத்துக்குப் பின்னால், சரிவில் இருந்த வாடகை வீடு. குளிர்காலத்தில் காலையில் எழுந்தால் ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் தண்ணீர் வழியும். நான் பழைய துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருப்பேன். அப்போது எனக்கு வேலை இல்லை, கார் ஓட்டத் தெரியாது, பக்கத்து வீட்டுப் பெண்மணி பேசும் ஆங்கிலம் புரியாது. ஆனால் நான் பெரியவள், எனக்கு அது ஒன்றும் இல்லை. ஒன்பது வயதில் வந்தவன் நீ. திருச்சியில் வாயை மூடு என்று உன்னிடம் சொல்லாத ஆசிரியர் இல்லை. இங்கே வந்து இரண்டாவது குளிர்காலத்தில் உன்னிடமிருந்து வார்த்தைகளே வற்றிப்போயிருந்தன.

"ஸ்கூல் எப்படிடா இருந்துச்சு?"

"குட்."

"என்ன பண்ணீங்க?"

"நத்திங்."

அவ்வளவுதான். அதற்குமேல் கேட்டால் நீ கழிப்பறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாய். விளையாட யாரும் உன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதை நீ சொல்லவே இல்லை. கொடுத்தனுப்பிய பிஸ்கட் பாக்கெட் பிரிக்கப்படாமல் திரும்பி வந்ததை வைத்து நானாகத் தெரிந்துகொண்டேன். பகிர்ந்துகொள்ளவாவது ஆள் வேண்டும் அல்லவா.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவோடு மவுண்ட் வெல்லிங்டனில் வேலை பார்த்த ஒருவர், தன் மகன் வளர்ந்துவிட்டான் என்று சொல்லி, டீவியில் மாட்டி ஆடும் ஒரு பழைய கேம் பெட்டியைக் கொடுத்தனுப்பினார். கூடவே இரண்டு கன்ட்ரோலர்கள். இரண்டு இருந்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். அதில் இருந்தது, எல்லாமே கட்டை கட்டையாக இருக்கும் ஒரு விளையாட்டு. மரமும் கட்டை, மலையும் கட்டை, மாடும் கட்டை, சூரியன்கூடச் சதுரம். நாலைந்து நாள் நீ தனியாக ஆடினாய். ஒரு சாயங்காலம் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது என் பக்கம் திரும்பாமலே கேட்டாய்.

"அம்மா, நீ வரியா? சும்மா நின்னா போதும்."

"நின்னு என்னடா பண்றது?"

"நான் தோண்டும்போது பின்னாடி பாத்துக்கோ."

அது எத்தனை மாதத்துக்குப் பிறகு நீ என்னிடம் கேட்ட முதல் உதவி என்று உனக்குத் தெரிந்திருக்காது. நான் கீரைக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

டீவித் திரையில் மேல் பாதி உனக்கு, கீழ்ப் பாதி எனக்கு. எனக்குத் தலை சுற்றியது. நான் நடந்தால் வானம் தெரியும், நிமிர்ந்தால் தரை தெரியும். ஊறுகாய்த் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு ஆடினேன். ஒருநாள் உன் அப்பா வேலையிலிருந்து வந்து, ஷூவைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று பார்த்தார். "அந்தப் பள்ளத்துல விழுந்து கெடக்கறது யாருடா? உங்கம்மாவா? அவளுக்கு ரானுயிலயே வழி தெரியாது, இதுல வேற எறக்கி விட்டுட்டியா?" என்றார். நீ வந்து என்னைப் பள்ளத்திலிருந்து ஏற்றிவிட்டாய். உன் பாதித் திரையில் நீ என்ன பார்த்தாயோ தெரியாது. என் பாதியில் எப்போதும் உன் முதுகுதான் தெரியும். சின்னக் கட்டை மனிதன், கையில் கடப்பாரை, எனக்கு முன்னால் நடந்துகொண்டே இருப்பான். இப்போது கண்ணை மூடினால் உன் முகத்துக்கு முன்னால் அந்த முதுகுதான் வருகிறது.

படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த உலகத்தில் வெளிச்சம் குறைந்த எந்தத் தரையிலும் தானாகவே பொல்லாத ஜந்துக்கள் முளைக்கும். முட்டையிலிருந்து வருவதில்லை, எங்கிருந்தோ நடந்து வருவதும் இல்லை. இருட்டு இருந்தால் போதும், அங்கே உண்டாகிவிடும். முனகிக்கொண்டு வரும் பிணங்கள், வில்லோடு வரும் எலும்புக்கூடுகள், எல்லாவற்றையும்விட மோசமாக, கையே இல்லாத பச்சை நிறப் பிராணி ஒன்று. அது சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்கும், சீறும், வெடிக்கும். நான் அதற்குப் பச்சையப்பன் என்று பெயர் வைத்திருந்தேன். இவற்றோடு வாளை வைத்துக்கொண்டு சண்டை போடலாம். ஆனால் வராமலே தடுப்பதுதான் புத்திசாலித்தனம். அதற்கு ஒரே வழி வெளிச்சம். குச்சியின் நுனியில் கரியை வைத்தால் தீப்பந்தம். அதைச் சுவரில் வரிசையாக வைத்துக்கொண்டே போனால் அந்த இடத்தில் எதுவும் முளைக்காது. அணையாது, எண்ணெய் ஊற்ற வேண்டாம், அது பாட்டுக்கு எரியும். கூரைமேல்கூட வைக்க வேண்டும், ஏனென்றால் கூரையும் ஒரு தரைதான். இதையெல்லாம் நீ எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது வாயே ஓயவில்லை. நான் உன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிதான் கேட்டேன். அதன் பலன் சீக்கிரமே தெரிந்தது.

அந்த விளையாட்டுக்குள் நாம் கட்டியிருந்த வீட்டிலிருந்து சுரங்கத்துக்கு நீ ஒரு நீண்ட பாதை வெட்டினாய். இத்தனை அடிக்கு ஒன்று என்று கணக்காகத் தீப்பந்தம் வைத்துக்கொண்டு முன்னால் போனாய். நான் பின்னால் வந்தேன். திரும்பிப் பார்த்தால் பாதை முழுக்க ஜகஜோதியாக எரிகிறது, ஒரு ஆள் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வந்தேன். நீ கரி தேடி எவ்வளவு நேரம் தோண்டினாய் என்று பார்த்தவள் ஆயிற்றே. சிக்கனமாக எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு போய் வீட்டுப் பெட்டியில் பத்திரமாக வைத்தேன். மகனுக்கு உதவி செய்துவிட்ட பெருமையோடு கதவருகே நின்றேன். கதவருகேதான் மணியும் உட்கார்ந்திருந்தது. வாடகை வீட்டில் நாய் வளர்க்கக் கூடாது என்று அக்ரிமென்ட்டில் இருந்ததால் நீ விளையாட்டுக்குள் எலும்பு போட்டு ஓர் ஓநாயைப் பழக்கி, கழுத்துப் பட்டை கட்டி, மணி என்று கூப்பிட்டாய். பச்சையப்பன் அந்த இருட்டுப் பாதையில்தான் வந்தான். சீறல் கேட்டு நான் திரும்புவதற்குள் சுவர் இல்லை, பெட்டி இல்லை, மணி இல்லை.

நீ சுரங்கத்திலிருந்து ஓடி வந்தாய். "இட்ஸ் ஓகேம்மா" என்றாய், ஆங்கிலத்தில், மெல்லிய குரலில், பள்ளியைப் பற்றிச் சொல்கிற அதே குரலில். பிறகு நீ தரையைப் பார்த்தாய். உடைந்த பெட்டியிலிருந்து சிதறிய தீப்பந்தங்கள் அங்கங்கே மிதந்துகொண்டிருந்தன.

"இவ்ளோ டார்ச் எங்கேந்தும்மா வந்துச்சு?"

"நான்தான்டா எடுத்து வெச்சேன். சும்மா எரிஞ்சுட்டு இருந்துச்சு. அங்கதான் யாரும் இல்லையே."

நீ கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வை எனக்கு மறக்காது. "அம்மா, நீ கேம்லகூட லைட்ட அணைக்கிறியா?" என்று கேட்டாய். அப்படியே சரிந்து சோபாவிலிருந்து கம்பளத்தில் விழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். ஆக்லாந்துக்கு வந்து நீ அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சாயங்காலம் அப்பா கதவைத் திறந்ததும் ஓடிப்போய்ச் சொன்னாய். "ஓ, மின்வாரியம் அங்கயும் கிளை தொறந்துடுச்சா?" என்றார் அவர். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் நீ பேசிக்கொண்டே இருந்தாய். சாப்பிடப் போவதற்கு முன்னால், மணி இருந்த இடத்தில் ஒரு தீப்பந்தத்தை நட்டுவிட்டு வந்தாய். அதை நாம் இருவரும் ஒருநாளும் எடுத்ததில்லை. அப்போது நீ சொன்னதைத்தான் நான் இந்தக் கடிதத்துக்குத் தலைப்பாக வைத்திருக்கிறேன். "ஆள் இருக்கற எடத்துக்கிட்ட அதுங்க முளைக்காதும்மா. ஆள் இல்லாத எடத்துலதான் லைட் வேணும்." நான் படித்த படிப்பில் யாரும் இப்படி ஒன்றைச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களை நான் இப்போது எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். மழை பெய்யும் ஞாயிறுகளில் நாம் மலையைக் குடைந்தோம், கோதுமை விதைத்தோம். வெளிச்சம் இல்லாத இடத்தில் பயிர் வளராது என்று அந்த விளையாட்டுக்கும் தெரிந்திருந்தது, அது ஒன்றில்தான் என் பாடம் உதவியது. ஆனால் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். பள்ளியில் ஆங்கிலம், தெருவில் ஆங்கிலம், வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் என்று நீ மாறிக்கொண்டிருந்தாய். அந்தக் கட்டை உலகத்துக்குள் மட்டும் நீ தமிழ் பேசினாய். ஆபத்தில் வாயில் வருவது அதுதான் போலிருக்கிறது. "அம்மா, ஓடு. அங்க இல்ல, இந்தப் பக்கம். எலும்பன் வரான் பாரு. கதவ சாத்து, கதவ சாத்து." நான் வேண்டுமென்றே சில தடவை கதவைச் சாத்தாமல் விட்டிருக்கிறேன். உன் அப்பாவுக்குக்கூட இது தெரியாது.

கிளென்ஃபீல்டுக்கு வீடு மாறியபோது உனக்குப் பதினாலு. துறைமுகப் பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததும் உனக்கு நண்பர்கள் கிடைத்தார்கள். நான் எவ்வளவு வேண்டிக்கொண்டேன் அதற்காக. அவர்கள் வந்தார்கள், நம் சோபாவில் உட்கார்ந்தார்கள், நான் செய்த பஜ்ஜியை நன்றாக இருக்கிறது என்று தின்றார்கள். என் கன்ட்ரோலர் வேறொரு பையன் கையில் இருந்தது. நான் சமையலறை வாசலில் நின்று பார்ப்பேன். பிறகு உனக்குக் கம்ப்யூட்டர் வந்தது, ஹெட்ஃபோன் வந்தது, கதவு மூடிக்கொண்டது. பழைய பெட்டியைத் துணியில் சுற்றி நானே கராஜில் வைத்தேன். அது நியாயம்தான். அம்மாவோடு எத்தனை நாள் ஆடுவாய். நியாயம் என்று தெரிந்த விஷயத்துக்கு வருத்தப்படக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

உன் பதினாறாம் வயதைப் பற்றி எழுதலாமா என்று உன்னிடம் ஃபோனில் கேட்டேன். "எழுதும்மா, பட் டோன்ட் மேக் இட் ஸாட்" என்றாய், சோகமாக்கிவிடாதே என்று. முயற்சி செய்கிறேன். அந்தக் குளிர்காலத்தில் நண்பர்கள் வருவது நின்றது. என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை முழுதாகத் தெரியாது, தெரிய வேண்டும் என்ற கட்டாயமும் இப்போது இல்லை. நீ திரைச்சீலையை மூடிக்கொண்டு படுத்திருந்தாய். பள்ளியிலிருந்து அழைத்து, பல வகுப்புகளுக்கு நீ வரவில்லை என்றார்கள். "வயசு அப்படி, விட்டுப் புடி" என்றார் அப்பா. "இது வயசு இல்லீங்க" என்றேன் நான். தோசைத் தட்டோடு உன் அறைக்குள் வருவேன், திரையை விலக்குவேன், வாழ்நாளெல்லாம் அணைத்தவள் இப்போது விளக்கைப் போடுவேன். "ஆஃப் பண்ணும்மா" என்பாய், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாய். வெளிச்சம் போட்டால் போதும் என்று நான் நினைத்தேன். போடுகிற இடம் அதுவல்ல என்று எனக்குப் புரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வெளியே மழை, அப்பா சாமான் வாங்கப் போயிருந்தார். வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததால் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கராஜுக்குப் போய்ப் பெட்டியை எடுத்து வந்து, தூசி தட்டி, ஒயரை எதில் செருகுவது என்று தெரியாமல் எல்லாவற்றிலும் செருகிப் பார்த்து, கடைசியில் ஓட வைத்தேன். உன்னை வெளியே கொண்டுவரத் திட்டம் போட்டுச் செய்தேன் என்று அப்பா எல்லாரிடமும் சொல்கிறார். இல்லை. எனக்கு அந்த வீட்டைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான். எல்லாம் அப்படியே இருந்தது. நாம் இல்லாத அத்தனை காலமும் ஒரு கோதுமைக் கதிர்கூடக் கூடுதலாக வளரவில்லை. ஆனால் வீட்டுக்குள் நின்றால் காலுக்கடியில் எங்கோ முனகல் கேட்டது. வீட்டுக்குள் எவ்வளவு விளக்கு வைத்தும் முனகல் கேட்டால் அடியில் ஒரு குகை இருட்டாகக் கிடக்கிறது என்று அர்த்தம். நீதான் எப்போதோ சொன்னாய். நான் தரையை வெட்டிக்கொண்டு இறங்கினேன். கையில் இருந்த தீப்பந்தங்களை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு, சுவரில் முட்டி, திரும்பி, மறுபடி முட்டி. டீவியின் சத்தத்தை எப்படிக் குறைப்பது என்று தெரியாததால் பிணங்களின் முனகல் வீடு முழுக்கக் கேட்டது.

எவ்வளவு நேரம் போனது என்று சொல்லத் தெரியவில்லை.

"அம்மா, பின்னாடி."

நான் அந்த விளையாட்டுக்குள் திரும்பவில்லை, சோபாவில் திரும்பினேன். நீ நடையில் நின்றாய், போர்வையைச் சுற்றிக்கொண்டு, தலைமுடியெல்லாம் ஒரு பக்கமாக அழுந்திப்போய். டீவியில் ஏதோ வெடித்தது. "போச்சு" என்றாய். "இருட்டுல ஏன்மா எறங்கின? வாசப்படிலயே ஒண்ணு வெச்சிருக்கணும்." அப்படியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய். இன்னொரு கன்ட்ரோலர் எங்கே என்று கேட்டாய். அதில் பேட்டரி இல்லை. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அதிலிருந்து ஒரு பேட்டரியை எடுத்துப் போட்டாய், இன்னொரு பேட்டரி டீவி ரிமோட்டிலிருந்து. அப்பா வந்து கடிகாரம் ஏன் மேஜைமேல் மல்லாந்து கிடக்கிறது என்று கேட்கும்வரை நாம் அந்தக் குகைக்குள்தான் இருந்தோம். அன்றைக்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதினால் நீ சிரிப்பாய். அதற்கப்புறமும் நாளானது, நீ போய்ப் பேசிய மனநல ஆலோசகர் அம்மாவுக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். ஆனால் அவரிடம் போகலாம் என்று நீ சொன்னது அந்தக் குகையில்தான். என் முகத்தைப் பார்க்காமல், திரையைப் பார்த்துக்கொண்டு, ஒரு தீப்பந்தத்தைச் சுவரில் வைத்துக்கொண்டே. நானும் உன்னைப் பார்க்காமல் சரி என்றேன்.

இப்போது நீ படிப்புக்காகத் தெற்கே, நாட்டின் கடைக்கோடியில், இன்வர்கார்கில்லில் இருக்கிறாய். எனக்குத் தெரிந்த நிலப்படத்தில் அதற்குக் கீழே பனிதான் இருக்கிறது. குளிர்காலம் வந்தால் ஜூனில் ஐந்து மணிக்கே இருட்டிவிடுமாம், காலையில் எட்டு தாண்டியும் விடியாதாம். அம்மாக்கள் ஸ்வெட்டர் போடு, வேளைக்குச் சாப்பிடு என்று எழுதுவார்கள். அதையும் செய். ஆனால் நான் சொல்ல நினைப்பது நீயே எனக்குச் சொன்னதைத்தான். புது இடத்துக்குப் போனதும் சண்டைக்குத் தயாராக வாளைத் தேடாதே, முதலில் இருட்டு எங்கே இருக்கிறது என்று பார். ஏதோ முனகல் கேட்டுக்கொண்டே இருந்தால் உன் அறையைக் குறை சொல்லாதே, அடியில் பார், தனியாக இறங்காதே. யாரையாவது பின்னால் நிற்கச் சொல். சும்மா நின்றால் போதும் என்று சொன்னால் வருவதற்கு ஆள் இருக்கும், அவர்களுக்கு ஆடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எல்லா இருட்டையும் ஒழித்துவிட வேண்டும் என்றும் அலையாதே. ஒரு வட்டாரம் முழுக்க விளக்கு வைத்தால் மிச்சம் விட்ட ஒரே பொந்தில் அத்தனை ஜந்தும் வந்து கூடுவதை நாம் பார்த்திருக்கிறோம்.

அந்த உலகத்தின் இன்னொரு விதி இப்போது எனக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறது. பக்கத்திலேயே இருந்தால் எதுவும் முளைக்காது. ஒரேயடியாகத் தூரப் போய்விட்டாலும் அந்த இடம் அப்படியே உறைந்துவிடும், நல்லதும் நடக்காது கெட்டதும் நடக்காது. நடுத்தரமான தூரத்தில் இருந்தால்தான் இருட்டில் ஏதேதோ உண்டாகிறது. நீ என் மடியிலும் இல்லை, எனக்கு இல்லாமலும் போகவில்லை. ஃபோன் எடுக்காத ஒரு மணி நேரத்தில் என் தலைக்குள் என்னென்ன முளைக்கின்றன என்று உனக்குச் சொல்ல மாட்டேன். நீ கூப்பிட்டு "சாரிம்மா, கிளாஸ்ல இருந்தேன்" என்றதும் எல்லாம் அந்த விளையாட்டில் விடிந்து வெயில் பட்ட பிணங்கள்போல் எரிந்துபோகின்றன. பச்சையப்பன் மட்டும் வெயிலுக்கும் சாகாமல் நிற்பான். அவனும் நீ ஃபோனில் இரண்டு வார்த்தை தமிழ் பேசினால் போய்விடுவான்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் நீ பகலெல்லாம் வரவேற்பறையில் பழைய பெட்டியோடு உட்கார்ந்திருந்தாய். நான் வேலைக்குப் போகும்போதும் அங்கேதான், வரும்போதும் அங்கேதான். "பெட்டி அடுக்கற வேலைய பாருடா, இந்த வயசுல பொம்மை வெச்சு ஆடிட்டு இருக்க" என்று திட்டினேன். "முடிச்சிடறேன்மா" என்றாய். எதை முடிக்கப்போகிறாய் என்று நான் கேட்கவில்லை. விமான நிலையத்தில் அப்பா உன் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார். கேம் பெட்டியை எடுத்துப் போகவில்லையா என்று கேட்டேன். "உனக்குத்தான் வெச்சிருக்கேன்மா" என்றாய். உள்ளே போனாய். கடைசியாக நான் பார்த்தது உன் முதுகு. அது எனக்குப் பழக்கம்தான்.

நேற்றுத்தான் அதைப் போட்டுப் பார்த்தேன். முதலில் எனக்குப் புரியவில்லை, பகல் என்று நினைத்தேன். வானத்தைப் பார்த்தால் நட்சத்திரம். வீட்டைச் சுற்றி, கோதுமை வயலைச் சுற்றி, கூரைமேல், மலைச்சரிவில், குளத்தங்கரையில், பார்க்கிற தூரம் வரைக்கும் நீ தீப்பந்தம் நட்டிருந்தாய். தரையைத் திறந்து இறங்கினேன். அடியிலிருந்த அந்தக் குகை, அதற்குள்ளிருந்த குகை, நாம் பயந்து மண் போட்டு அடைத்த பள்ளம், எல்லாம் வெளிச்சம். வாசப்படியிலேயே ஒன்று வைத்திருந்தாய். சுரங்கப் பாதை முழுக்க, இத்தனை அடிக்கு ஒன்று என்று, தப்பாமல். காது கொடுத்துக் கேட்டேன். எங்கேயும் ஒரு முனகல் இல்லை. நான் தனியாக நடந்தால் பின்னால் பார்க்க யாரும் இல்லை என்று, பின்னால் பார்க்கவே வேண்டாத மாதிரி செய்துவிட்டுப் போயிருக்கிறாய். அதைத்தான் முடித்துவிடுகிறேன் என்று சொன்னாய். நான் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மணியின் தீப்பந்தத்தைத் தாண்டி, அந்தப் பாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். இவ்வளவு பத்திரமான இடத்தில் நான் வாழ்நாளில் நின்றதில்லை. இவ்வளவு தனியாகவும் நின்றதில்லை. அப்பா வாசலில் வந்து நின்றார். ஏதோ சொல்லப்போகிறார் என்று பார்த்தேன். டீவியை வெகுநேரம் பார்த்துவிட்டு, போகும் வழியில் உன் அறை விளக்கைப் போட்டுவிட்டுப் போனார்.

அதை நான் போய் அணைக்கவில்லை. ஆனால் மின்வாரியம் சும்மா இருக்குமா. பாதையின் நடுவில் போய் நின்று ஒரே ஒரு தீப்பந்தத்தை மட்டும் பிடுங்கினேன். அந்த இடத்தில் சின்னதாக ஓர் இருட்டு விழுந்திருக்கிறது. இதுவரை அதில் எதுவும் முளைக்கவில்லை, நான் கிட்டேயே நிற்பதால் முளைக்காது. கொஞ்சம் தள்ளிப்போய், வீட்டுக்குள் கதவைச் சாத்தாமல் உட்கார்ந்துகொள்ளப்போகிறேன். பிடுங்கிய தீப்பந்தத்தை அந்த வீட்டுப் பெட்டியில் தனியாக வைத்திருக்கிறேன். ஆகஸ்ட் லீவுக்கு நீ வந்ததும் அதை நீதான் திரும்ப வைக்க வேண்டும். நான் முன்னால் நடக்கிறேன், நீ பின்னாலிருந்து சொல்.

அம்மா